வலப்பக்கச் சுரப்பி

ஆரோக்கியமேரி இளைத்துக்கொண்டே வந்தாள். பார்த்தவர்கள் எல்லாரும் அதைப் பாராட்டினார்கள்.

மார்ச் மாதம் ஆபரேஷனுக்குப் போகும்போது எண்பத்தொரு கிலோ இருந்தாள். ஜூலை பிறந்தபோது அறுபத்தைந்து. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அல்சூரில் கோயில் வாசலில் நிற்கையில் பெண்கள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "கல்யாண போட்டோல இருந்த மேரி திரும்பி வந்துட்டா" என்றார்கள். அவளும் சிரித்துவைத்தாள். சிரிக்கும்போதே இன்னும் எவ்வளவு நேரம் நிற்கவேண்டியிருக்குமோ என்று மனசு தவித்தது. ஐந்து நிமிடத்துக்கு மேல் நின்றால் கண் இருட்டிக்கொண்டு வந்தது.

அதற்கு முந்தைய இரண்டு வருடம் அவள் ஊதிக்கொண்டே போயிருந்தாள். முகம் வட்டமாக உப்பியது, வயிறு முன்னால் தள்ளியது, கைகால் மட்டும் குச்சியாக இருந்தது. பிபி வந்தது, சுகர் வந்தது. மேசை விளிம்பில் லேசாக இடித்தாலே தோல் கன்றிக் கறுத்துப்போகும். அரிசியைக் குறை, நடைப்பயிற்சி செய் என்று எல்லாரும் சொன்னார்கள். கடைசியில் வேறு எதற்கோ எடுத்த ஸ்கேனில்தான் தெரிந்தது, இடது சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பியில் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு கட்டி. உடம்புக்குத் தேவையான கார்ட்டிசால் என்ற ஹார்மோனை அந்தக் கட்டி அளவில்லாமல் கொட்டிக்கொண்டிருந்தது. புற்று இல்லை என்றார்கள். சுரப்பியோடு சேர்த்து எடுத்துவிட்டார்கள்.

எடுத்த பிறகு எல்லாம் சரியாகிவிட வேண்டும். அப்படித்தான் அவள் நினைத்தாள். பிபி இறங்கியது, சுகர் இறங்கியது, முகம் வடிந்தது. ஆனால் மே மாத நடுவிலிருந்து வேறு ஏதோ ஆரம்பித்தது. காலையில் கண் விழித்ததும் குமட்டல். முழங்கால், மணிக்கட்டு, விரல் கணு என்று இடம் பார்க்காமல் வலி. உள்ளங்கையில் தோல் மெல்லிசாக உரிந்தது. சோற்றைப் பார்த்தால் வெறுப்பு. காரணமில்லாமல் அழுகை வந்தது. மாவு அரைக்கும்போது, பஸ்ஸுக்கு நிற்கும்போது, சும்மா உட்கார்ந்திருக்கும்போதும்கூட.

அவளுக்கு ஒரே பயம்தான். வலது பக்கமும் வந்துவிட்டதோ. தனியாக இருக்கும்போதெல்லாம் விலா எலும்புக்குக் கீழே வலப்பக்கத்தை விரலால் அழுத்திப் பார்ப்பாள். அழுத்தி அழுத்தி அந்த இடமே வலிக்கத் தொடங்கிவிட்டது. அந்த வலியும் பயத்தில் சேர்ந்துகொண்டது.

வீட்டுக்குப் பக்கத்தில் கிளினிக் வைத்திருக்கும் டாக்டர் ரங்கநாதன் அவள் ஃபைலை மேலோட்டமாகப் புரட்டிவிட்டு, மறுபடி ஸ்கேன் எடுக்கச் சொன்னார். வலப்பக்கச் சுரப்பி இயல்பான அளவில் இருப்பதாக ரிப்போர்ட் வந்தது. ரத்தம் கொஞ்சம் குறைவு, தைராய்டு சரி.

"வயசு நாப்பத்திமூணு. மாதவிடாய் நிக்கிற நேரம். பெரிய ஆபரேஷன் வேற. மனசுல பயத்தைப் போட்டு வச்சிருக்கீங்க மா" என்றார். தூங்குவதற்கும் மன அமைதிக்கும் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். பிறகு பேனாவை மூடிக்கொண்டே, "ஆஸ்பத்திரியில குடுத்த மாத்திரை எல்லாம் முழுசா முடிச்சிட்டீங்க இல்ல?" என்று கேட்டார்.

"முடிச்சிட்டேன் சார்" என்றாள் மேரி.

அது பொய்.

ஆஸ்பத்திரியிலிருந்து வரும்போது காலை இரண்டு, மதியம் ஒன்று என்று ஒரு சின்ன வெள்ளை மாத்திரை கொடுத்திருந்தார்கள். டாக்டர் சொல்லாமல் நிறுத்தக்கூடாது, ஆறு வாரத்தில் ஹார்மோன் டாக்டரைப் பார்க்கவேண்டும் என்று சீட்டில் எழுதியிருந்தது. அவள் ஒரு மாதம் ஒழுங்காகத்தான் போட்டாள். ஒருநாள் மெடிக்கலில் அடுத்த அட்டை வாங்கும்போது பக்கத்தில் நின்ற யாரோ, "இது ஸ்டீராய்டு ஆச்சே, உடம்பு ஊதும்" என்றார்கள். வீட்டுக்கு வந்து கண்ணாடி முன்னால் நின்றாள். அப்போதுதான் முகம் கொஞ்சம் வடிய ஆரம்பித்திருந்தது. எது அதிகமாகிப் படுத்தியதோ அதையே அறுத்து எடுத்துவிட்டு, அதையே வாயில் போடச் சொல்கிறார்களே என்று தோன்றியது. ஏப்ரல் கடைசி வாரம் நிறுத்தினாள். இரண்டு வாரம் ஒன்றும் ஆகவில்லை. அதனால் தான் செய்தது சரி என்று நம்பினாள். ஆபரேஷன் செய்த சர்ஜன் தையலை மட்டும் பார்த்துவிட்டு, "ஹார்மோன் டாக்டரைப் பாத்துடுங்க" என்று அனுப்பினார். போனால் மறுபடி அந்த மாத்திரையைத் தருவார்கள் என்று அவள் போகவேயில்லை.

கணவர் மதலைமுத்துவிடமும் சொல்லவில்லை. கோரமங்களாவில் ஓர் அபார்ட்மெண்டில் ஜெனரேட்டரும் தண்ணீர் மோட்டாரும் பார்க்கிற வேலை அவருக்கு. தினமும் காலையில் கிளம்பும்போது, "மாத்திர போட்டியா மேரி?" என்று கேட்டுவிட்டுத்தான் செருப்பை மாட்டுவார். "போட்டேங்க" என்பாள். முதல் நாள் அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். பிறகு பழகிவிட்டது.

ரங்கநாதன் கொடுத்த மாத்திரையால் தூக்கம் வந்தது, வேறொன்றும் மாறவில்லை. வேலைக்கு மெட்ரோவில் மெஜஸ்டிக் போய், அங்கே வண்டி மாறி பீன்யா போகவேண்டும். மாறுகிற இடத்தின் படிக்கட்டில் இரண்டு தடவை உட்கார்ந்து எழுந்தாள். லிஃப்ட்டுக்கான சுவிட்சுகள் செய்யும் கம்பெனி அது. சொந்த ஊரான தங்கவயலில் தங்கச் சுரங்கத்தை மூடிய கொஞ்ச வருடத்தில் இந்தக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தவள், இருபது வருடமாகக் கடைசிச் சோதனை மேசை அவளுடையது. அவள் கையைத் தாண்டிப் போன சரக்கு திரும்பி வந்ததாகப் பேச்சே கிடையாது.

ஜூலை இரண்டாம் வாரம் அப்படி ஒரு பெட்டி திரும்பி வந்தது. பன்னிரண்டு சுவிட்சில் ஸ்பிரிங்கே இல்லை. பக்கத்து மேசை உஷா பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"சூப்பர்வைசர் இன்னும் பாக்கல மேரிக்கா. நான் மாத்தி வச்சிடறேன். நீங்க போய் முகம் கழுவிட்டு வாங்க."

"எப்படி உஷா பாக்காம விட்டேன்? கையிலதானே எடுத்தேன்."

"உங்களுக்கு உடம்பு சரியில்லக்கா. கிளினிக்குன்னு சுத்தாம பெரிய டாக்டராப் பாருங்க."

முகம் கழுவும் இடத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள் மேரி. பன்னிரண்டு சுவிட்ச். திரும்பி வராமல் போனதும் இருந்தால், எந்த லிஃப்ட்டில் எந்தக் குடும்பம் ஏறியிருக்குமோ. வலப்பக்கத்தை அழுத்திப் பார்த்தாள். ஸ்கேனில் தெரியாத அளவுக்குச் சின்னதாக இருந்தால்?

அந்த ஞாயிறு ஒரு ஞானஸ்நான விருந்துக்குப் போனார்கள். தட்டில் வைத்த இறால் தொக்கில் இரண்டு வாய்தான் சாப்பிட்டாள். வீடு வருவதற்குள் கழுத்தெல்லாம் தடித்து, உதடு வீங்கிவிட்டது. மதலைமுத்து அவளை ரங்கநாதன் கிளினிக்குக் கூட்டிக்கொண்டு ஓடினார். ஊசி போட்டார்கள். நர்ஸ் யசோதா மூன்று நாளைக்கு மாத்திரைகளை எண்ணி, பெயர் எழுதாத காகித உறையில் போட்டுக் கொடுத்தாள்.

மறுநாள் காலை மேரி எழுந்து பல் துலக்கி, இட்லி ஊற்றி வைத்து, நான்கு இட்லி சாப்பிட்டு முடித்த பிறகுதான் கவனித்தாள். குமட்டலே இல்லை. விரல் கணுக்களை மடக்கி நீட்டினாள். வலிக்கவில்லை. மெஜஸ்டிக் படிக்கட்டை நிற்காமல் ஏறினாள். கம்பெனியில் உஷா சொன்ன ஒரு அற்ப விஷயத்துக்கு இருவரும் கண்ணில் தண்ணீர் வர சிரித்தார்கள். மூன்று நாள் இப்படி இருந்தது, நான்காம் நாளும் இருந்தது. இத்தனை மாதமும் இதெல்லாம் மனப்பிரமைதானோ என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது.

ஐந்தாம் நாள் லேசாகச் சோர்வு தட்டியது. ஆறாம் நாள் காலையில் எல்லாம் திரும்பி வந்தது. குமட்டல், வலி, இருட்டு. முன்பைவிட மோசமாக.

படுக்கையில் உட்கார்ந்தபடியே அவள் யோசித்தாள். மேசையில் ஒரு கோளாறு வந்தால் அவள் கேட்கிற முதல் கேள்வி, நேற்றைக்கும் இன்றைக்கும் என்ன மாறியது என்பதுதான். சாப்பாடு அதே சாப்பாடு. தூக்கம் அதே தூக்கம். மாறியது ஒன்றே ஒன்று. காகித உறை குப்பைக்கூடையில் கசங்கிக் கிடந்தது, உள்ளே எதுவும் இல்லை.

அன்று சாயங்காலம் கிளினிக்குக்குப் போனாள். துணைக்கு மதலைமுத்துவும் வந்தார்.

"யசோதா, அன்னிக்கு குடுத்தியே, அந்த மாத்திர பேரு இன்னா?"

"அலர்ஜி மாத்திரக்கா. தடிப்பு போயிடுச்சா?"

"தடிப்பு போயிடுச்சு. பேரு வேணும்."

"அதெல்லாம் டாக்டரைத்தான் கேக்கணும்."

ரங்கநாதன் முதலில் அக்கறையில்லாமல்தான் கேட்டார். நான்கு நாள் நன்றாக இருந்ததையும் மறுபடி விழுந்ததையும் மேரி சொல்லச் சொல்ல, பேனாவைக் கீழே வைத்தார்.

"அது பிரெட்னிசோலோன். ஸ்டீராய்டு மா. ஊசியும் அதே வகைதான்." அவள் ஃபைலை வாங்கி, இந்தத் தடவை முதல் பக்கத்திலிருந்து வாசித்தார். வாசிக்கையில் அவர் முகம் மாறியது. "கட்டிய எடுத்தப்புறம் ஹைட்ரோகார்ட்டிசோன் குடுத்திருக்காங்க. அதை எப்ப நிறுத்துனாங்க? யாரு நிறுத்தச் சொன்னது?"

மேரி திரும்பிப் பார்த்தாள். பக்கத்து நாற்காலியில் மதலைமுத்து தொப்பியை முழங்காலில் வைத்துக்கொண்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆஸ்பத்திரியிலதான் சார்" என்றாள். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொள்ளவேண்டும் போல இருந்தது.

"அப்ப அவங்க டெஸ்ட் பண்ணித்தான் நிறுத்தியிருப்பாங்க" என்று ரங்கநாதன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ஆனாலும் ஒரு கடிதம் எழுதினார். "ஹார்மோன் டாக்டரை உடனே பாருங்க. நான் இதை முன்னாடியே கேட்டிருக்கணும்."

ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தால் மூன்று வாரம் கழித்துத்தான் தேதி கிடைத்தது. மேரி அந்தத் தேதியைக் காலண்டரில் வட்டமிட்டாள். அவளுக்கு இப்போது முக்கால்வாசி புரிந்துவிட்டது. புரிந்ததனால் பயம் குறையவில்லை, வேறு பக்கம் திரும்பிக்கொண்டது. இது கட்டி இல்லை, தான் செய்த வேலை என்றால், உள்ளே எதைக் கெடுத்து வைத்திருக்கிறோம்? அது திரும்பச் சரியாகுமா? சொன்னால் டாக்டர் திட்டுவார். மதலைமுத்து திட்டமாட்டார். அதுதான் இன்னும் கஷ்டம்.

நான்கு நாள்தான் தாங்கினாள். வியாழக்கிழமை லேசான காய்ச்சலோடு வேலைக்குக் கிளம்பினாள். மெஜஸ்டிக்கில் பச்சைத் தடத்து மேடையில் நிற்கும்போது வயிறு புரட்டிக்கொண்டு வந்தது. ஓரமாகப் போய், டிபன் பாக்ஸ் வைத்திருந்த பிளாஸ்டிக் பையைக் காலி செய்து அதில் வாந்தி எடுத்தாள். ஒரு கன்னடக்காரம்மா தன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டி, "கூத்கோம்மா, கூத்கோ" என்று தோளைப் பிடித்து உட்காரவைத்தார். பீன்யா வண்டி வந்தது, போனது. அடுத்ததும் போனது. எழுந்தால் விழுந்துவிடுவோம் என்று மேரிக்குத் தெரிந்தது. மூன்று வாரம் இருக்கமாட்டோம் என்றும் எப்படியோ தெரிந்தது.

அந்த அம்மாவே கைத்தாங்கலாக வெளியே கூட்டிவந்து ஆட்டோ ஏற்றிவிட்டார்.

ஆஸ்பத்திரிக் கவுண்டரில் இருந்த பெண் கம்ப்யூட்டரைப் பார்த்தாள். "உங்களுக்கு ஆகஸ்ட்லதானே மா டேட் இருக்கு. இன்னிக்கு ஃபுல்."

"நான் உக்காந்திருக்கேன். கடைசியா கூப்பிட்டாலும் பரவால்ல."

"அப்படி உக்கார வைக்க முடியாது மா."

மேரிக்கு மறுபடி கண் இருட்டியது. கவுண்டர் கல்லைப் பிடித்திருந்த கை நழுவியது. யாரோ நாற்காலி கொண்டுவந்தார்கள். ஒரு நர்ஸ் பிபி பார்த்தாள், மறுபடி பார்த்தாள், அந்தக் கருவி சரியில்லை என்று வேறொன்றைக் கொண்டுவந்து பார்த்தாள். எண்பத்திரண்டு, ஐம்பது. அதன் பிறகு யாரும் தேதி கேட்கவில்லை. கட்டிலில் படுக்கவைத்துக் கால்மாட்டை உயர்த்தினார்கள்.

ஹார்மோன் டாக்டர் ஜெயலட்சுமி ஐம்பது வயதுக்காரர், கூர்மையான கண். கடிதத்தை நின்றபடியே படித்தார்.

"மேரி, என்னைப் பாருங்க. மாத்திரைய நிறுத்தச் சொன்னது எந்த டாக்டர்? பேரு ஞாபகம் இருக்கா?"

திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் யாரோ இருமினார்கள். மேரி கூரையைப் பார்த்தாள்.

"யாரும் சொல்லல டாக்டர். நானாதான் நிறுத்துனேன்."

"எப்ப?"

"ஏப்ரல் கடைசி. எல்லார்கிட்டயும் பொய் சொன்னேன்." அவளுக்கு மூச்சு வாங்கியது. "அந்த ஸ்டீராய்டுதானே என்னை ரெண்டு வருஷம் இந்தப் பாடு படுத்துச்சு. அதையே முழுங்குன்னா எனக்கு மனசு வரல."

டாக்டர் திட்டவில்லை. நர்ஸிடம் வேகமாக எதையோ சொன்னார். கையிலிருந்து ரத்தம் எடுத்தார்கள். எடுத்த கையோடு நரம்பில் ஊசி போட்டு, சலைன் ஏற்றினார்கள். அதெல்லாம் ஓடத் தொடங்கிய பிறகுதான் டாக்டர் கட்டிலருகே ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தார்.

"அந்தக் கட்டி இருந்த வரைக்கும் மொத்த வேலையும் அதுவே செஞ்சுது. வலது பக்கச் சுரப்பிக்கு வேலையே இல்ல. அது சுருண்டு தூங்கிப்போச்சு. கட்டிய எடுத்தவுடனே அது எழுந்துக்காது. மாசக்கணக்காகும், சிலருக்கு வருஷம்கூட ஆகும். அது எழுந்துக்கிற வரைக்கும் உடம்பை ஓட்டத்தான் அந்த மாத்திரை. முன்னாடி உங்களுக்கு இருந்தது வெள்ளம்னா, இது குடிக்கிற தண்ணி. புரியுதா?"

"ஸ்கேன்ல நல்லா இருக்குன்னு சொன்னாங்களே."

"அளவு நல்லா இருக்கும். வேலை செய்யுதான்னு ஸ்கேன் சொல்லாது, ரத்தம்தான் சொல்லும்." அவர் அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். "இன்னிக்கு காய்ச்சலும் வாந்தியும் சேர்ந்துடுச்சு. நாளைக்கு வந்திருந்தா என்ன ஆகியிருக்கும்னு நான் சொல்லமாட்டேன். நீங்க மட்டும் காரணம்னும் சொல்லமாட்டேன். எதுக்கு இந்த மாத்திரைன்னு உங்களுக்கு யாராவது உக்காந்து சொல்லியிருக்கணும்."

மேரி அழுதாள். இது காரணத்தோடு வந்த அழுகை என்பதால் அடக்கவில்லை.

ஒரு மணி நேரத்தில் உடம்பு மெல்ல அவளிடம் திரும்பியது. பசித்தது. நர்ஸ் கொடுத்த பிஸ்கட்டைத் தின்றுகொண்டிருக்கும்போது மதலைமுத்து வந்தார். மேரி வேலைக்கு வராததால் அவள் போனுக்குக் கூப்பிட்ட உஷாவிடம் நர்ஸ் விஷயத்தைச் சொல்ல, உஷா அவருக்குப் போன் செய்திருக்கிறாள். சட்டையில் டீசல் கறை, நெற்றியில் வேர்வை. நாற்காலியில் உட்காரவில்லை.

அவர் எதுவும் கேட்பதற்கு முன்னால் மேரி எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். மெடிக்கல் கடையிலிருந்து ரங்கநாதன் கிளினிக் வரைக்கும். சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்கவில்லை, சலைன் சொட்டுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "நான் டெய்லி கேட்டேனே."

"கேட்டீங்க."

"போட்டேன்னு சொன்ன."

"ஆமாங்க."

"எங்கப்பாருக்கு சுரங்கத்துல நெஞ்சுல தூசி சேந்தது உனக்குத் தெரியும். எட்டு மாசம் ஒண்ணும் இல்லன்னே சொல்லிட்டு இருந்தாரு. மறுபடி அப்படி ஒரு வீட்ல நான் இருக்கமாட்டேன் மேரி." குரல் உயரவேயில்லை. "பயமா இருந்தா பயமா இருக்குதுன்னு சொல்லு. நான் இன்னா டாக்டரா, திட்டறதுக்கு? சேந்து பயப்பட்டிருப்போம், அவ்ளோதானே."

பிறகு உட்கார்ந்தார். அவள் கையில் ஊசி குத்தாத பக்கமாகப் பார்த்துப் பிடித்துக்கொண்டார்.

மறுநாள் ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. காலை நேரத்தில் பத்துக்கு மேல் இருக்கவேண்டிய கார்ட்டிசால் அவளுக்கு ஒன்று புள்ளி நாலு இருந்தது. நான்கு நாள் வார்டில் வைத்திருந்து அனுப்பினார்கள். காய்ச்சல் வந்தால் மாத்திரையை இரட்டிப்பாக்கவேண்டும், வாந்தி நிற்காவிட்டால் ஊசிக்கு ஓடி வரவேண்டும், ஒருநாளும் தவறவிடக்கூடாது என்று ஜெயலட்சுமி அவளுக்கும் மதலைமுத்துவுக்கும் சேர்த்து இரண்டு தடவை சொன்னார். அதை அவர்களைத் திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்டார். மேரி வேலைக்குத் திரும்பிய முதல் நாளே சூப்பர்வைசரிடம் போய், அந்தப் பன்னிரண்டு சுவிட்சு போன கதையை ஒளிக்காமல் சொன்னாள். அந்த வாரம் அவள் கையால் போன பெட்டிகளை எல்லாம் வரவழைத்துச் சோதித்தார்கள். ஸ்பிரிங் இல்லாத சுவிட்ச் இன்னும் மூன்று கிடைத்தன. எதுவும் எங்கும் மாட்டப்படவில்லை.

அக்டோபரில் கார்ட்டிசால் மூன்று புள்ளி ஆறு. ஜனவரியில் ஐந்து. ஒவ்வொரு முடிவுக்கும் முந்தைய இரண்டு நாள் அவளால் சரியாகச் சாப்பிட முடியாது. வலப்பக்கச் சுரப்பி எப்போது விழிக்கும் என்று கேட்டால், "தெரியாது மேரி, தெரியும்னு சொன்னா பொய்" என்பார் டாக்டர். அது தூங்கியபடியே இருந்துவிட்டால் என்ன செய்வது என்றும் ஒருநாள் கேட்டாள். ஆயுசு முழுக்க மாத்திரை, அப்படியும் நிறையப் பேர் நன்றாகத்தான் இருக்கிறார்கள் என்றார். அந்தப் பதிலோடு வாழப் பழகுவதற்கு அவளுக்குச் சில வாரம் பிடித்தது.

ஏப்ரலில் எட்டைத் தாண்டியது. மதிய மாத்திரையில் பாதியைக் குறைத்துப் பார்க்கலாம் என்றார் டாக்டர்.

குறைத்த இரண்டாம் நாள், சாப்பாட்டு இடைவேளையில் மதலைமுத்து போன் செய்தார்.

"எப்படி இருக்குது?"

"அலுப்பா இருக்குதுங்க. காலைல இருந்து. மாத்திர குறைச்சதாலயா, சும்மா அலுப்பான்னு தெரியல. பயமாத்தான் இருக்குது."

"டாக்டருக்குச் சொன்னியா?"

"போன் பண்ணேன். இன்னும் ரெண்டு நாள் பாக்கலாம், தலைசுத்தல் வந்தா உடனே கூப்பிடுன்னாங்க."

"சரி. நான் இன்னிக்கு ரெண்டு மணிக்கே கிளம்பறேன். பீன்யா வரைக்கும் வந்துடறேன், சேந்து போலாம்."

"அவ்ளோ தூரம் எதுக்குங்க?"

"எனக்கும் பயமா இருக்குது, அதான்" என்றார்.

சாயங்காலம் கம்பெனி வாசலில் அவர் நின்றிருந்தார். இருவரும் மெதுவாக மெட்ரோவுக்கு நடந்தார்கள். அலுப்பு மறுநாளும் இருந்தது. அதற்கு மறுநாள் காலையில், மத்தியானம் சாப்பிட என்ன கட்டுவது என்று யோசித்துக்கொண்டிருக்கும்போது, அது போய்விட்டதை மேரி கவனித்தாள்.